எம்பிராய்டரி அக்காவின் கம்ப்யூட்டர்

“என்னக்கா பண்றீங்க?” என்று கேட்டேன்.

“பார்த்தா தெரியலையா? பல் தேய்ச்சு விடறேன்” என்றார் எம்பிராய்டரி அக்கா. பள்ளிக்கூட ரப்பரால் கம்ப்யூட்டரின் மெமரிப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அழுக்கு போகப் போக அதன் ஓரத்துப் பொன்னிறப் பற்கள் மின்னின.

“இதனால வேகமாயிடுமா?”

“ஆகாது. ஆனா பாதி வேலையில மூஞ்சியக் கறுப்பாக்கிக்கிட்டு நின்னுடாது. வேகத்துக்கு இன்னொரு பட்டை வாங்கியிருக்கேன். ஏய் ரெண்டு பாஷை, சும்மா நிக்காம டார்ச்சப் பிடி.”

மாடியில் குடியிருக்கும் எனக்கு அவர் வைத்த பெயர் அது. “ரெண்டு பாஷை படிச்சு ரெண்டையும் பூட்டி வெச்சிருக்கியே” என்பார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதற்குப் பூட்டே கிடையாது.

பள்ளிச் சீருடைக்குச் சின்னம், ஆஸ்பத்திரி மேலங்கிக்குப் பெயர், தலையணை உறைக்கு முதலெழுத்து எல்லாம் அவர் வேலை. ஊசி எங்கே குத்தவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், பக்கத்திலிருக்கும் இயந்திரம் தைத்துவிடும். கம்ப்யூட்டர் பன்னிரண்டு வருடத்துக்கு முன், கடையிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது.

மாதம் ஒருமுறை அதைப் பால்கனிக்குத் தூக்கிப் போய், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, சைக்கிள் பம்ப்பால் காற்றடிப்பார். உள்ளிருக்கும் விசிறியிலிருந்து நூல் பிசிறு கொத்தாக வரும். நிறத்தைப் பார்த்தே, “இது ஆஸ்பத்திரி நீலம். இது அந்த ஓட்டல்காரர் பிடிவாதமாக் கேட்ட ஆரஞ்சு” என்பார். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களை ஒருநாள் வரிசையாக நிறுத்தினார். “கடை திறக்கறதுக்கு முன்னாடியே இத்தனை பேர் உள்ள உக்காந்து என்ன பண்றீங்க? கிளம்புங்க!”

அக்காவின் கணவர் டிரைவிங் பள்ளியில் பயிற்சி தருபவர். “வயசாயிடுச்சு, விட்டுடேன் அதை” என்பார்.

“உங்களுக்கும்தான் வயசாயிடுச்சு. நான் விட்டுட்டேனா?”

உண்மையில் விட முடியாது. வரையும் புரோகிராமை விற்ற கம்பெனி மூடிவிட்டது. வேறு கம்ப்யூட்டரில் ஏற்ற அவர்களுடைய அனுமதி வேண்டும். கொடுக்க ஆள் இல்லை. அந்தப் புரோகிராமும், பன்னிரண்டு வருட டிசைன்களும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வேறு நகல் கிடையாது. அந்த டிஸ்க் சென்ற மழைக்காலத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது.

அக்கா வேகமான புதிய டிஸ்க் ஒன்று வாங்கினார். பழையதை அப்படியே புதியதில் நகலெடுக்க வேண்டும். இரண்டையும் மேசையில் மடித்த துண்டின்மேல் வைத்து வயரில் இணைத்திருந்தார். நகலெடுக்கும் புரோகிராம் திரையில் காட்டியது முழுக்க ஆங்கிலம். இரண்டும் ஒரே அளவு என்பதால் எது பழையது, எது புதியது என்று குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, “கடைசியா என்னமோ கேக்குது, படி. படிச்சதும் அமுக்கிடறேன்” என்று விரலை எண்டர் மேல் வைத்துக்கொண்டார்.

படித்தேன். எந்த டிஸ்க் முழுவதும் அழியப்போகிறது என்று அதன் நம்பரைக் காட்டியது. குனிந்து துண்டின்மேல் இருந்தவற்றைப் பார்த்தேன். அந்த நம்பர் பழையதில் இருந்தது.

“அக்கா, விரலை எடுங்க. மாத்திப் போட்டிருக்கீங்க. காலியை எடுத்து நிறைஞ்சதுல எழுதப் போகுது.”

அவர் விரலை எடுக்கவில்லை. கையை மொத்தமாக, சூடுபட்டவர் போல், இழுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து, திரையில் இரண்டையும் இடம் மாற்றி, நம்பரை இருமுறை சரிபார்த்து, அமுக்கினேன்.

அன்று நகல் முழுதாக ஏறியது. இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இருபது விநாடியில் திறக்கிறது. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் அன்று திரையில் ‘நான்கு சதவீதம்’ என்று நின்றபோது, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பழைய டிஸ்க் ‘டக்’ என்றது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனைன்னு சொல்லாத. முடியற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இரு. எந்தப் பாஷையா இருந்தாலும் பரவாயில்ல.”