டைல்ஸ்காரரின் தட்டல்

எங்கே உட்கார்ந்தாலும் தரையை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பது டைல்ஸ்காரரின் பழக்கம். சத்தம் பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டதை மகள் அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அன்று அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனதுமே, கதவோரம் குந்தித் தட்ட ஆரம்பித்தார். சிறுநீரகத்தில் கல். கத்தி வைக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, லேசரால் தூளாக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இவர் டைல்ஸ் அறுக்கும்போது சில்லு தெறித்துக் கை கிழிந்த ஆள்.

"உடைக்கிறப்ப உள்ள தெறிக்காதா?"

"அது என்ன உங்க மெஷினா? தட்டாம சும்மா இருங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மனைவி.

கையை அக்குளில் செருகிக்கொண்டார். இருப்புக்கொள்ளாமல் கால் ஆட ஆரம்பித்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "கல்லு தூளாயிடுச்சு. உடம்புல ஒரு கீறல்கூட இல்ல," என்றார் நர்ஸ்.

மகளை வீட்டுக்கு அழைத்துப்போகும்போதுதான் நர்ஸ் மற்றதைச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் வெளியே தட்டல் நின்றுபோக, "அப்பா போயிட்டாரா?" என்று அழத் தொடங்கினாளாம். அவள் கண் சொருகும்வரை மயக்க டாக்டரே மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாராம்.