ஆலமரத்தில் கட்டாத இளங்கொடி

வீரையாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். ஆனால் என்னை விட்டால் அவரைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது.

உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் செல்லச்சாமி என்பவரிடம் வீரையா பண்ணை வேலை பார்த்தார். தொழுவம் முழுக்க அவர் பொறுப்பு. பசு கன்று போட்டால் இளங்கொடி விழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாட்டின் நஞ்சுக்கொடியை அங்கே இளங்கொடி என்பார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் பொதிந்து, கண்மாய்க்கரை ஆலமரத்தில் உயரக் கட்டிவிட்டு வர வேண்டும். ஆலமரம் பால் வடிக்கிற மரம். அதில் தொங்கினால் மாட்டுக்குப் பால் ஊறும், நாய் தின்றுவிட்டால் வற்றிப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் அதைச் சுமந்துகொண்டு போவார் வீரையா.

நான் அப்போது கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். வயது இருபத்தேழு, வாய் நீளம். செல்லச்சாமியின் வீட்டில்தான் குடியிருந்தேன். வாடகை வாங்க மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் கோழைத்தனத்துக்கு அதுதான் விலை.

1984 ஐப்பசியில் வீரையா தன் நாய் செம்பியைத் துண்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். ஐந்து குட்டி போட்டிருந்தது. எலும்பும் தோலும்தான் மிச்சம். முடி கொட்டி, ஈறு வெளுத்து, தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

"என்ன போடுறே இதுக்கு?" என்றேன்.

"கேப்பக் கூழுதான்யா. நாங்க குடிக்கிறத அதுக்கும் ஊத்துறோம்."

"அது கறி திங்கிற சாதிப்பா. கூழக் குடிச்சிட்டு அஞ்சு குட்டிக்குப் பால் குடுன்னா எங்க போகும்? ஈரல், குடலு, மீன் தலை, எதையாவது வேகவைக்காமப் பச்சையாப் போடு. தன்னால ரத்தம் ஊறும்."

"கறிக்கு நான் எங்கன போவேன்?"

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "நல்ல மருந்தையெல்லாம் ஆலமரத்துல ஏத்திக் காக்காய்க்கு விருந்து வைக்கிறீகளே, அத எறக்கிப் போடேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மருந்தகத்துக்குள் சொல்லப்படும் எதையும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். கேலி எது, வைத்தியம் எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் செல்லச்சாமியின் சிவப்புப் பசு கன்று போட்டது. அந்தப் பாலுக்கு வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை காத்திருந்தது. செல்லச்சாமியின் மகள் முருகேஸ்வரி பிள்ளை பெற்ற நாலாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். டப்பாப் பாலைக் கொடுத்தால் குழந்தை கக்கியது. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்ததும்தான் அதன் முகம் தெளிந்தது. அப்படியே ஒரு வாரம் போனது.

செம்பியும் எழுந்து நடந்தது. ஈறு சிவந்து, குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடிப்பதை நானே பார்த்தேன். பெரியபட்டினம் மீன்கடைகளில் கழித்துப்போட்ட தலைகளை இரவல் சைக்கிளில் போய் எடுத்துவருவதாக வீரையா சொன்னார். நம்பினேன். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பசுவுக்குப் பால் நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள். மடியைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. கல் மாதிரி இறுகி, சுட்டது. மடிவீக்கம். நாலு ஊசி போட்டால் சரியாகிவிடுகிற நோய். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லச்சாமி வீரையாவிடம் திரும்பினார்.

"ஏலே, எளங்கொடிய எங்கன கட்டுனே?"

ஆலமரத்தில் என்று சொல்லியிருக்கலாம். மரத்தில் பத்துச் சாக்கு தொங்குகிறது, எது யாருடையது என்று யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? வீரையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டலைங்க முதலாளி. செம்பிக்குப் போட்டுட்டேன்."

வீட்டுக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. முருகேஸ்வரியின் அம்மா உமையாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவன்டா சொன்னது உனக்கு?" என்றார் செல்லச்சாமி.

வீரையா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் போட்டேன்" என்றார்.

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'இது நோய், இளங்கொடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, போடச் சொன்னதே நான்தான்' என்று சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம். ஒன்றுகூட வரவில்லை. செல்லச்சாமி அடிக்கவில்லை, வையவில்லை. "நாளையிலருந்து தொழுவுக்குள்ள வராதே" என்றார், அவ்வளவுதான். மறுநாள் வீரையாவும் அவர் மனைவி பஞ்சம்மாளும் நாயையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். போகும் வழியில் மருந்தகத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நான் வெளியே வரவில்லை.

நாலு ஊசியில் மடி இளகியது. பன்னிரண்டாம் நாள் பசு பழையபடி கறந்தது. குலசாமிக்கு நேர்ந்துகொண்டதால் பால் வந்தது என்றார் செல்லச்சாமி. அதற்கும் நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு வீரையாவை நான் பார்த்தது 1997-ல், மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட வாலிநோக்கம் போனபோது. உப்பளத்துக் கொட்டகைப் பக்கம் ஏழெட்டு நாய்கள் திரிந்தன. ஒன்றுக்குக்கூட சொறி இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தது போல் மினுமினுப்பு, பல் வெள்ளை வெளேர். இங்கே நாய்களைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன். வாரிக்கொண்டிருந்த உப்பை விட்டுவிட்டு ஒரு கிழவர் வந்தார். வயது ஐம்பதுகூட இருக்காது. வெயிலும் உப்பும் அவரைக் கிழவராக்கியிருந்தன.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமே இல்லை. தான் கற்றதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னார். கரையில் கழிக்கிற மீனில் பேத்தையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், அது விஷம். மீதியைப் பச்சையாகப் போட்டால் நாய் நோயை அண்டவிடாது. வெந்த எலும்பு தொண்டையில் குத்தும், பச்சை எலும்பு அவ்வளவாகக் குத்தாது. சுற்றுவட்டாரத்தில் நாய்க்குச் சீக்கு என்றால் இவரிடம்தான் வருகிறார்களாம். "நீங்க அன்னைக்குச் சொன்னது முழுக்க நெசம்யா" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தேன். பால் வேண்டாம் என்று வரட்டீ கேட்டார். பாலைத் தொட்டுப் பதிமூன்று வருஷம் ஆகிறதாம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பச்சப்புள்ள எத்தன நாளு இருந்துச்சுய்யா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் குழந்தை செத்துவிட்டது, கொன்றது தான் என்றே இத்தனை வருஷமும் அவர் நம்பியிருக்கிறார். பால் நின்ற மூன்றாம் நாளே பசு மறுபடி கறந்ததையும், அந்தக் குழந்தை வளர்ந்து எட்டாவது படிப்பதையும் சொன்னேன். நோயைப் பற்றிச் சொன்னேன். அன்று வாய்மூடி நின்றதையும் சொன்னேன், தாமதமாகத்தான்.

வீரையா கிளாஸைத் தரையில் வைத்தார். டீ ஆறிப்போனது.

"பஞ்சம்மாளுக்கு மூணு புள்ளையும் தங்கல. அந்தப் புள்ளையோட பாவந்தான் நம்மளத் தொடருதுன்னு சொல்லிச் சொல்லியே போன தையில செத்துப்போனாய்யா" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாய்களுக்கு மீன் எடுக்கணும், நேரமாச்சு. வாரேங்கய்யா" என்று கரைப்பக்கம் நடந்தார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.