மச்சம் எந்தப் பக்கம்?

போன வாரம் வீட்டில் அலமாரி மாட்ட வந்த ஆசாரி பசை டப்பாவைத் திறந்தார். அந்த நெடி ஏறியதும் எனக்கு மெர்சியின் ஞாபகம் வந்துவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தவள் அவள். முதல் மாதம் முழுக்க அவள் துப்பட்டாவில் இதே நெடி.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காட்பாடியில் ஒரு மருந்துக்கடையின் மாடி, ஆறு கம்ப்யூட்டர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை அலங்கரித்துப் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு நாங்கள் அலமாரி செய்து அனுப்புவோம். பெட்டி பெட்டியாகச் சேர்த்துக்கொள்ளும் அலமாரி. மரமும் கிடையாது, ஆணியும் கிடையாது, எல்லாம் திரையில்தான். தட்டுகள் வெறுமையாகத் தெரியக் கூடாதென்று பூச்சாடி, புத்தகம், போட்டோ சட்டம் எல்லாம் வைப்போம். சட்டத்துக்குள் மலை இருக்கலாம், கடல் இருக்கலாம், மனித முகம் கூடாது. அதைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. சுவரில் ஒரு ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியாத எனக்கு அலமாரி அதிகாரி என்ற நினைப்பு வேறு.

மெர்சி எதையும் பாதிதான் வரைவாள். "ஷூல ஒத்தக் கால் வரைஞ்சா போதும்ணா. கண்ணாடி மாதிரி திருப்பினா மத்தது வந்துரும்" என்பாள். அலமாரிக்கும் அதே வழக்கம். வேலை சீக்கிரம் முடிந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் செய்த அலமாரியைத் திரையில் கிட்ட இழுத்துக்கொண்டே தட்டுக்குள் போனேன். உள்ளே இருட்டு. மூலையில் ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னச் சட்டத்துக்குள் ஒரு முகம், ஒரு கன்னத்தில் மச்சம். மறுகோடித் தட்டுக்குப் போனால் அங்கேயும் அவன். மச்சம் மட்டும் அடுத்த கன்னத்தில். அதே ஆள்தான், ஆனால் அதே ஆள் இல்லை. பட்டப்பகலில் எனக்கு வேர்த்தது, சொல்ல வெட்கமில்லை.

யாரென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு சட்டங்களையும் காலி செய்தேன், படம் கிடந்த ஃபோல்டரையும் துடைத்தேன். சட்டப்படி நடந்த திருப்தி.

மறுநாள் மெர்சி என் மேஜை முன்னால் நின்றாள்.

"அது என் தம்பி டேனியல்ணா. ரயில் ஏறிப் போய்ட்டான், ரெண்டு வருஷமா வரல. எந்த ஊர்லயாச்சும் யாராச்சும் பாப்பாங்கன்னு வெச்சேன்."

"வீட்ல வேற போட்டோ இல்லியா?"

"மழைத் தண்ணி பூந்து, வீட்ல இருந்த ஒண்ணும் போய்டுச்சி. இங்க இருக்குன்னுதான் தைரியமா இருந்தேன்."

இரண்டு நாள் தோண்டினேன். பழைய சேமிப்பு ஒன்றில் அந்த அலமாரியின் ஒரு பாதி மட்டும் கிடைத்தது, அதில் ஒரு படம். அது அவள் வரைந்த பாதியா, திருப்பிய பாதியா என்று அவளுக்கே தெரியவில்லை. மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள், அப்புறம் தயங்கினாள்.

"ரெண்டு பேரும் ஒரே கண்ணாடில தலை வாருவோம்ணா. எனக்குக் கண்ணாடில இருக்கறவன்தான் ஞாபகம் வர்றான். அம்மாவக் கேக்கலாம்."

இரண்டு விதமாகவும் அச்செடுத்துக்கொண்டு அவள் ஊரான மாதனூருக்கு பஸ் ஏறினோம். அவள் அம்மா படங்களை மடியில் வைத்துப் பார்த்தார். ஒன்றை ஒதுக்கி, "இவன் இல்ல" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகு மற்றதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"இவனும் இல்ல. ஜாடை இருக்குது. யாரும்மா இவங்க ரெண்டு பேரும்?"

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. அந்த சாஃப்ட்வேரை யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. மெர்சியின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மெர்சி கடைசியாக என்னிடம் போனில் பேசியது போன வருடம்.

"காட்பாடி பிளாட்பாரத்துல ஒருத்தனப் பாத்தேண்ணா. ரயில் ஜன்னல்ல உக்காந்திருந்தான். அதே கண்ணு, கன்னத்துல மச்சம்."

"கூப்ட்டியா?"

"எந்தப் பக்கம்னு யோசிச்சிட்டு நின்னுட்டேண்ணா. ரயில் போய்டுச்சி."