அப்பா வைத்த இரண்டு சோழிகள்

அம்மாவின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து ஐந்து சோழிகளை எடுத்து அப்பா தரையில் வைத்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் ஆற்றைக் கடக்கும் லாஞ்சுப் படகு ஒன்றில் அவர் சக்கரம் பிடிக்கும் சுக்கானி. நகருக்குள் கியாக்டடா பேட்டையில் சுக்கானிகளுக்கு நடந்த கண் பரிசோதனைக்குப் போய்வந்தவர், அதை எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

இருட்டறையில் விளக்கைக் காட்டி, சிவப்பா பச்சையா என்று கேட்டாராம் வெள்ளைக்கார டாக்டர் துரை. பதில் சொன்னபின், அது எவ்வளவு நிச்சயம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை சோழி வைக்க வேண்டுமாம். அப்பா எல்லா விளக்குக்கும் இரண்டுதான் வைத்திருக்கிறார். லாஞ்சில் அதுதான் வழக்கம். மழையிலும் மூடுபனியிலும் தெரியும் எதிர்ப்படகின் விளக்கைச் சுக்கானி அடித்துச் சொல்லமாட்டார். "பச்சை மாதிரி இருக்கு" என்பார். இன்னொருவர் பார்த்து ஆமாம் என்ற பிறகே சக்கரத்தைத் திருப்புவார். அடித்துச் சொல்பவனை ஆறு சும்மா விடாது என்று அவர்களுக்கு ஒரு பயம்.

"எல்லாமே சரியாத்தான் சொன்னேனாம், துரையே சொன்னாரு" என்று அம்மாவிடம் சிரித்தார்.

கண் எவ்வளவு சரி, மனம் எவ்வளவு உறுதி என்று டாக்டர் தனித்தனியாகத்தான் அளந்தார். லாஞ்சுக் கம்பெனி ஆபீஸில் இருந்த மகாராசர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள். விளக்கைத் தப்பாகச் சொல்லி ஐந்து சோழியும் வைத்தவர் சக்கரத்திலேயே நின்றார். சந்தேகப் பேர்வழி என்று அப்பாவை அலோன் துறைக்கு நிலக்கரி சுமக்க அனுப்பினார்கள்.

அதைக்கூடத் தாங்கினார். தன் கண்ணைத்தான் அதன்பின் அவரால் நம்ப முடியவில்லை. தெருவைக் கடக்க என் கையைப் பிடித்தார். சோற்றில் கல் கிடக்கிறதா என்று ஒவ்வொரு வாய்க்கும் கேட்டார். "உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துபோனாள். நல்ல கண்ணை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் குருடராவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசிக் காய்ச்சலில் அவர் முகத்தருகே குனிந்து, "யாருன்னு தெரியுதாப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"எம் மவ மாதிரி இருக்கு."

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். அவள் ஆமாம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். அம்மாவுக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. அப்படியே போய்விட்டார்.

அந்த ஐந்து சோழிகளும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. என் முகத்துக்கு அவர் எத்தனை வைத்திருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.