மாமனாரின் டிடீரியரேட்

"…அப்படித்தான் ஒரு வீடு டிடீரியரேட் ஆகும். ஒரே நாள்ல இல்ல, கொஞ்சம் கொஞ்சமா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார் என் மாமனார். மகாபலிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா, பையைக்கூடப் பிரிக்காமல், தரையில் உட்கார்ந்து என் மகளை மடியில் போட்டிருந்தாள். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மாமனாரின் கேளம்பாக்கம் வீட்டில் அம்மா தங்கினால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். என் கணவர் வழக்கம்போலக் கைப்பேசிக்குள் இருந்தார்.

இங்கிலீஷ் நானாகக் கற்றது. டேட்டா என்ட்ரி வேலையில் காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்தது. நன்றாக இருந்த ஒன்று மெல்ல மெல்லக் கெட்டுப்போவதுதான் டிடீரியரேட். நோயாளியின் உடம்புக்குச் சொல்லலாம், கட்டடத்துக்குச் சொல்லலாம், உறவுக்கும் சொல்லலாம். அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற மாமனாரின் புழக்கம் வேறு. கூரை ஒழுகினால் 'ஒழுகுது' என்பார், மிக்ஸி கெட்டால் 'போச்சு' என்பார். அவர் படித்த பள்ளி, வேலை பார்த்த ஆபீஸ், அங்கிருந்த கேன்டீன், இவைதான் டிடீரியரேட் ஆகியிருந்தன. எப்போதிலிருந்து என்று கேட்டால், எங்களைப் போன்றவர்கள் உள்ளே வந்ததிலிருந்து. காலனிப் பெண்ணான என்னை அவர் மகன் கட்டிக்கொண்ட நாளில் குடும்பமும் அந்த வரிசையில் சேர்ந்தது. அதைத் தமிழில் சொல்லும் தைரியம் மட்டும் அந்த மனிதருக்குக் கடைசிவரை வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு வருத்தமில்லை. நானும் மகளும் அம்மாவும் இப்போது படூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆபீஸில் யாராவது 'குவாலிட்டி டிடீரியரேட் ஆகுது' என்றால், புதிதாக யாரை வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று இன்றும் என் கண் தேடுகிறது. அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான்.

"இன்னாடி சொல்றாரு ஒங்க மாமனாரு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்ல வார்த்தையா இருந்தா என் மூஞ்சியப் பாத்து சொல்லிருப்பாரே. செவுத்தப் பாத்துகினு இல்ல சொல்றாரு."

அம்மாவின் இந்த மாதிரிப் பேச்சுகளைச் சின்ன வயதிலிருந்தே சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று அது எனக்கும் துணிச்சல் தந்தது. "நீ வந்து தங்குனா இந்த வூடு கெட்டுப்பூடுமாம்" என்று அவர் காதில் விழும்படி சொன்னேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "நான் இன்னும் பையக்கூடப் பிரிக்கலியே சம்மந்தி, அதுக்குள்ளயா?" என்றவள் குழந்தையிடம் குனிந்தாள். "கேட்டியாடி, ஆயா வந்து குந்துனதும் வூடு கெட்டுப்போச்சாம்" என்று சொல்லி அதன் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

மாமனார் எழுந்து வந்து அம்மாவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினார். வாஷ்பேசினுக்குப் போய்த் தோள்துண்டின் நுனியை நனைத்து, முத்தம் விழுந்த கன்னத்தைத் துடைத்தார். அது வீறிட்டு அழுதபோதும் நிறுத்தவில்லை. கன்னம் சிவந்துபோகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.