மைசூரில் ஸ்டெல்லா அக்காவைத் தேடிப் போன நாள்

இந்த ஆடியில் மைசூர் போனது அரண்மனை பார்க்க அல்ல. எங்கள் கம்பெனியில் ஒரு கிளை எழுதும் நிரலை இன்னொரு கிளை திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அந்த நிரலின் பொறுப்பாளர் படித்துப் பார்த்து ஏற்பார், அல்லது காரணம் எழுதித் திருப்புவார். வெளியுலகில் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் செய்வதை நான்கு சுவருக்குள் செய்யும் ஏற்பாடு. கோவையில் இது படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நம் அடுப்படிக்குள் கரண்டியோடு வந்த மாதிரி எல்லாருக்கும் கோபம்.

மைசூரில் மட்டும் ஓடியது. காரணம் அங்கே பொறுப்பாளரான ஸ்டெல்லா அக்கா. அவர் திருப்பி அனுப்பினால்கூட வலிக்காது. கடைசி வரி எப்போதும், "காபி குடிச்சிட்டு வந்து திரும்பப் பாருங்க." அவரைக் கோவைக்குக் கூட்டிவந்து பேசவைக்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் திட்டத்தை மூடிவிடுவேன் என்றார் மேலாளர். எனக்கோ அவரை ஒருமுறை நேரில் பார்க்கும் ஆசை வேறு.

காந்திபுரத்தில் காலை ஆறு மணி பஸ். பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. மைசூர் சுமார் இருநூறு கிலோமீட்டர். பன்னிரண்டுக்குள் இறங்கிவிட்டேன்.

ஆட்டோக்காரர் தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளிக்காரர். ஹெப்பாள் பகுதியில் இருக்கும் எங்கள் ஆபீஸின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அங்க ஒரு மேடத்தைத் தெனமும் கூட்டிட்டுப் போவனுங்க. தமிழ்ல பேசிட்டே வருவாங்க. இப்ப வர்றதில்லைங்க."

ஸ்டெல்லா மேடமா என்று கேட்டேன். ஆமாங்க என்றார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள்கூட எனக்குப் பதில் எழுதியிருந்தாரே.

ஆபீஸில் ஜெரால்டு என்பவர் வந்தார், ஸ்டெல்லா அக்காவின் அணித் தலைவர், பேச்சு கன்னடம் கலந்த தமிழ். ஜன்னலோர நாற்காலி ஒன்றைக் காட்டினார். அதன் முதுகில் ஒரு நீல ஸ்வெட்டர் தொங்கியது.

"அவங்க போன தீபாவளிக்கு முன்னாடியே போயிட்டாங்க ரீ. ஹார்ட்டு."

நான் அவரோடு எழுதத் தொடங்கியதே பொங்கலுக்குப் பிறகுதான்.

"நேத்து உங்களுக்கு எழுதுனது நான். அதுக்கு முன்னாடி எங்க டீம்ல இருக்கிற வினுதா. ஸ்டெல்லா எழுதுன பழைய பதிலெல்லாம் அப்படியே இருக்கில்ல, எல்லாரும் படிக்கலாமே. அதைப் படிச்சுப் படிச்சுக் கத்துக்கிட்டோம். என் பேர்ல திருப்புனா ஜகளா ஆகுது, சண்டைக்கு வர்றாங்க. அவங்க கணக்குல, அவங்க பேர்ல திருப்புனா ஒழுங்கா மாத்தி அனுப்புறாங்க. சும்னே பொய் சொல்லணும்னு பண்ணல."

கோபம்தான் வந்தது. பிப்ரவரியில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். "முதல்ல அப்பா. அவர் கையைப் பிடிச்சிட்டு உக்காருங்க. புரோகிராம் எங்கயும் ஓடிப்போகாது" என்று பதில் வந்தது. அதைப் படித்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதை எழுதியது யார் என்று கேட்டேன்.

ஜெரால்டு வினுதாவைப் பார்த்தார். வினுதா தான் இல்லை என்று தலையாட்டினார். அணியின் மற்ற மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களும் இல்லை என்றார்கள்.

"நாங்க யாராவது ஒருத்தர்னு நினைச்சோம்" என்றார் வினுதா மெதுவாக. "அவங்க பழைய பதில்ல எங்கயும் இந்த மாதிரி இல்ல மேடம்."

யாரும் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டெல்லா அக்காவின் கணக்கை இன்றே மூடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர்களே மூடினார்கள், என் கண் முன்னால்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ்ஸை மதியமே பிடியுங்கள், இருட்டினால் காட்டுப்பாதையில் கெடுபிடி அதிகம். சாம்ராஜநகர் தாண்டினால் சிக்னலும் வந்துவந்து போகும்.

திரும்பும் பஸ்ஸில் சிக்னல் இருந்த சிறிது நேரத்தில், நான் பொறுப்பு பார்க்கும் எங்கள் நிரலுக்கு ஒரு திருத்தம் வந்திருப்பதைப் பார்த்தேன். சேலம் கிளையில் புதிதாகச் சேர்ந்த பெண், முதல் முறை. 'தப்பு இருந்தா திட்டாதீங்க' என்று கீழே எழுதியிருந்தாள். தப்பு இருந்தது. என் பெயரிலேயே பதில் எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் கடைசி வரியைப் படித்தேன். காபி குடிச்சிட்டு வந்து திரும்பப் பாருங்க. அதை நான் தட்டிய ஞாபகமே இல்லை.