நான் சுழித்த கொக்கிகள்

தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில்தான் நானும் என் மனைவியும் வேலை பார்க்கிறோம். நான் ஆபீசில், நாற்காலியில். அவள் பேக்கிங் லைனில், எட்டு மணி நேரமும் நின்றபடி.

நாலு வருடத்துக்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் வேலைக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். தினமும் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், அவ்வளவுதான். கிடைத்தால் உட்காரலாம். அவளுக்கு அப்போதே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சை பச்சையாகத் தெரியும்.

பழைய டைரியில் எழுதிப் பழகி, திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எஸ் எழுத்து வந்த இடமெல்லாம் அதற்கு முன்னால் தேவையில்லாமல் ஒரு அப்பாஸ்ட்ரபி கொக்கி. நாற்பது பாக்ஸ் என்றாலும் கொக்கி, இரண்டு மெஷின் என்றாலும் கொக்கி. டிரைவருடைய தப்பு என்று வர வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. டோன்ட், கான்ட் எல்லாம் கொக்கி இல்லாமல் மொட்டையாக நின்றன. திருத்திக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றையும் சுழித்து, போட்டோ எடுத்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பெயர் சொல்லவில்லையாம், பெரிய யோக்கியன்! மறுநாள் கேன்டீனில் ஒருவன் அவளிடமே அதைக் காட்டிச் சிரித்திருக்கிறான்.

"ஆபீஸ் ஃபுல்லா பாத்துச்சா?" என்று கேட்டாள்.

"சும்மா தமாஷுக்குத்தான்" என்றேன்.

அந்த வேலைக்கு வைத்த தேர்வுக்கு அவள் போகவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். "எனுக்கு வாணாம், உடு" என்றாள்.

வேலை லைனிலிருந்த வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவளுடைய ரிப்போர்ட் தினமும் டைப் செய்து என் மேசைக்கு வரும். முதல் நாளே பார்த்துவிட்டேன். அதே கொக்கிகள், அதே மொட்டை டோன்ட். மேனேஜர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய மெயிலிலும் இந்தத் தப்புகள் உண்டு. அதற்கெல்லாம் நான் சிரித்ததே இல்லை.

இதைச் சொல்ல இத்தனை நாளும் எனக்குத் தைரியம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன். அந்தப் பெண்ணும் உன்னை மாதிரியேதான் எழுதுகிறாள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன் வேலையை நான்தான் கெடுத்தேன் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இங்கிலீசு வராது. டெய்லி சாப்பாட்டு டைம்ல நான்தான் எழுதிக் குடுக்குறேன். என் கையெழுத்து உன் டேபிளுக்கு வரக்கூடாதுன்னு, டைப் அடிச்சுக் குடுன்னு சொல்லிக்கீறேன்."